எந்த மாதம் என்றாவது சொல்லட்டும்



காவிரிக் கரையில் வாழும் நமக்குக் காத்திருத்தல் புதிதன்று. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்று எதிர்நோக்கி, நாற்றங்காலைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டு, வானத்தையும் கர்நாடகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பவர் நம் உழவர். அணை திறப்பது தள்ளிப்போனாலும், நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பதை நாள்தோறும் செய்தித்தாள் அவருக்குச் சொல்லிவிடுகிறது. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதியாரைக் கேட்டுப் பாருங்கள். மெழுகில் வடித்த உருவத்தின்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி அவர் உலர வைப்பார். ஈரம் போகுமுன் நெருப்பிலிட்டால் அச்சு பாழாகும். ஆகவே பொறுத்திருப்பார். எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்பது அவருடைய கைக்கே தெரியும். இவர்களெல்லாரும் காத்திருக்கின்றனர். ஆனால் காத்திருப்பதனால் எவரும் நொந்து போவதில்லை.

இதே வட்டாரத்தில் வேறொரு காத்திருப்பும் உண்டு. அதற்கு நாளும் இல்லை, அடிக்கணக்கும் இல்லை. முதியோர் உதவித்தொகைக்கும் கைம்பெண் உதவித்தொகைக்கும் மனுக் கொடுத்துவிட்டு வாசலில் அமர்ந்திருப்போரின் காத்திருப்பைத்தான் சொல்லுகிறேன். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வருவோருள், செபிக்கச் சொல்ல வருவோருக்கு அடுத்தபடியாக மிகுதியானோர் இவர்களே.

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த காலம் அது. திங்களுக்கு 20 ரூபாய். மறு ஆண்டே, 1963 ஏப்ரலில், திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். நோயுற்றவரும், கைம்பெண்ணும், முதியவரும், வேலையிழந்தவரும் பாதுகாப்புப் பெறுவதை அதில் அவர் மனித உரிமைகளின் வரிசையில் சேர்த்தார். உரிமை என்று அவர் சொன்னதை வாசகர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 1974இலும், ஆதரவற்ற கைம்பெண்களுக்கு 1975இலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இலும் நம் மாநிலத்தில் தனித்தனித் திட்டங்கள் வந்தன. நடுவண் அரசும் 1995 ஆகஸ்டு 15 முதல் முதியோருக்குத் தன் பங்கை அளிக்கத் தலைப்பட்டது. 20 ரூபாயில் தொடங்கிய மாநிலத் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இவற்றைக் கொணர்ந்தோர் எக்கட்சியினராயினும் நம் நன்றிக்கு உரியவர்கள்.

தொகை உயர்ந்த கதை இது. மனுவின் கதை வேறு. பொதுச்சேவை மையத்தில் பதிவான மனு கிராம நிர்வாக அலுவலரிடம் செல்கிறது. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பின்னர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மூன்றே படிகள்தாம். ஆயினும் சிலருடைய மனு ஒவ்வொரு படியிலும் ஒரு பருவமழையைப் பார்த்துவிடுகிறது. குடும்ப அட்டையில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்று திரும்பி வந்த மனுக்களை நான் எண்ணிக்கையின்றிக் கண்டிருக்கிறேன். பிறந்த நாளை எவரும் எழுதி வைக்காத காலத்தில், 'பெரிய வெள்ளம் வந்த வருசம்' என்று அடையாளம் வைத்துப் பிறந்தவர்களுக்கு எந்த அட்டையில் உள்ள வயது சரி?

இன்னொரு தடையும் உண்டு. அதனை அறிந்தோர் குறைவு. நடுவண் அரசு தன் பங்கைத் தருகையில், இந்த மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு கட்டியுள்ளது. வரம்பு நிறைந்திருக்குமானால், தகுதி இருந்தும் புதியவர் உள்ளே வரமுடியாது. பட்டியலில் உள்ள ஒருவர் மறைந்தால்தான் மற்றொருவருக்கு இடம். நம் தெருவில் ஒரு பாட்டியின் விடுதலை அடுத்த தெருப் பாட்டியின் அடக்கத் திருப்பலியில் இருக்கிறது என்றால், அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஒருமுறையேனும் நம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து நின்று பார்க்கலாம்.

களை பறித்தும் நாற்று நட்டும் முதுமையடைந்த ஒரு தாய் எனக்குத் தெரிந்தவர். கணவரும் இல்லை, துணைக்குப் பிள்ளையும் இல்லை. மும்முறை மனுக் கொடுத்தவர். கேட்கும்போதெல்லாம் 'வரும், போங்கம்மா' என்பதே விடை. ஒருநாள் அவர் என்னிடம் சொன்னது இது: "சாமி, குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். எந்த மாசம்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. மளிகைக் கடைக்காரருகிட்ட அந்த மாசத்தைச் சொல்லிக் கடன் வாங்கிக்குவேன்."

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஏழைக்கு நாள் என்பதே ஒரு முதல். தை மாதம் வரும் என்று தெரிந்தால், தை வரையில் அரிசி கடன் கிடைக்கும், மருந்துக்கடையில் தவணை சொல்லலாம். நாள் தெரியாதவருக்குக் கடனும் இல்லை, முகமும் இல்லை. காத்திருந்த மாதங்களுக்கான பணம் பின்னால் சேர்ந்து வந்ததாகவும் எங்கள் பங்கில் நான் கண்டதில்லை.

நாள் குறிப்பது அரசால் இயலாத செயலா? இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது நடந்ததை நினைவுகூருங்கள். ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் மகளிர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எஞ்சியோருக்கு மறுப்பின் காரணம் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகச் சென்றது. 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதன்மேல் 30 நாளுக்குள் முடிவு சொல்லப்படும் என்று முன்னதாகவே அறிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் மேலும் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் சேர்க்கப்பட்டனர். இத்துணைப் பெரிய கூட்டத்துக்கு நாள் குறிக்க முடிந்ததென்றால், ஒரு வட்டத்தின் கைம்பெண்களுக்கும் முடியும்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. எங்கள் குடும்பங்களுள் ஒன்றில், விண்ணப்பத்தில் எழுதிய எண் திருப்பூரில் பின்னலாடை வேலை செய்யும் மகனுடையது. காரணம் கூறும் செய்தி அவன் கைப்பேசிக்குச் சென்றது. விளம்பரமென்று எண்ணி அவன் விட்டுவிட்டான். பொங்கலுக்கு ஊர் திரும்பிய பிறகே தாயார் அறிந்தார். 30 நாள் எப்பொழுதோ கழிந்திருந்தது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பற்றிப் பள்ளியில் நாமெல்லாரும் படித்தோம். அம்மணியின் கயிறு ஒரு பசுவுக்கும் எட்டும்படி தொங்கிற்று என்பதைத்தான் நான் அக்கதையில் பெரிதாக மதிக்கிறேன். மணி கட்டுவது எளிது, கயிற்றின் உயரத்தை அளப்பதே கடினம்.

மத்தியப் பிரதேச அரசு 2010இல் ஒரு சட்டம் இயற்றியது. குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிடில் மேல்முறையீடு செய்யலாம் என்றும், காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரையில் தண்டம் விதிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தண்டத்தைப் பெரிதென்று நான் கருதவில்லை. தாமதத்தை ஏழையின் தலைவிதி என்று விடாமல், அதற்கு ஒரு பொறுப்பாளரைச் சுட்டியதே அதன் சிறப்பு.

இங்கே அலுவலகங்களில் பணிபுரியும் நம் மக்களையும் நினைக்கிறேன். ஒரு கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதவேண்டும், பயிர்ச் சேதம் கணக்கெடுக்கவேண்டும், சான்றிதழ் தரவேண்டும், தேர்தல் வேலையும் பார்க்கவேண்டும். அவர்மீது கல்லெறிவது நியாயமன்று. ஆனால் 'இன்ன குறையால் நிற்கிறது, இன்ன நாளில் வாருங்கள்' என்று ஒரு தாளில் எழுதித் தருவதற்குப் பணமும் வேண்டாம், மேலிட ஆணையும் வேண்டாம்.

இதற்கு நம் வேதத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். தொடக்கத் திருச்சபையில் எழுந்த உள்முறையீடு ஒன்று உதவி வழங்குவது பற்றியதே. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? பொறுமையைப் பற்றி மறையுரை ஆற்றவில்லை. முறையிட்டவர்களை முணுமுணுப்போர் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சபையைக் கூட்டி, எழுவரைத் தேர்ந்து, வேலையை அவர்களிடம் ஒப்படைத்தனர். அவ்வெழுவருள் முதல்வர் புனித முடியப்பர். கல்லெறியுண்டு மாண்ட வேதசாட்சியாக அவரை நாம் வணங்குகிறோம். அவருக்கு முதலில் கொடுக்கப்பட்ட பணி கைம்பெண்களின் பங்கீட்டைச் சரிபார்ப்பது என்பதை மறந்துவிடுகிறோம்.

பொறுமை ஒரு புண்ணியமே. ஆனால் தாமதத்தை உண்டாக்குகிறவன் அதனைப் பிறருக்குப் போதிக்கக்கூடாது. லூக்கா நற்செய்தியில் நடுவரை விடாது சென்று நச்சரித்த கைம்பெண்ணை நம் ஆண்டவர் செபத்துக்கே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். அவளுக்கு ஒரு வசதி இருந்தது: நடுவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். நம் தாய்மார்களுக்கோ எந்தச் சன்னல் என்பதே தெரியாது. அருளப்பர் நற்செய்தியில் 38 ஆண்டுகள் குளத்தருகே கிடந்த நோயாளி, தன்னை நீரில் இறக்கிவிட ஆளில்லை என்றுதான் இயேசுவிடம் முறையிட்டான்.

ஆகவே அன்பியங்களுக்கு நான் சொல்வது, அந்த ஆளாக இருங்கள் என்பதே. படித்த இளைஞர் ஒருவர் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளட்டும். மனு கொடுத்த நாள், ஒப்புகைச் சீட்டின் எண், யாருடைய கைப்பேசி எண் கொடுக்கப்பட்டது ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லின்மேல் மேல்முறையீடு செய்ய இயலாது. எழுத்து கையில் இருந்தால் கும்பகோணத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் முறையிடலாம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியிலும் மனுக் கொடுக்கலாம். ஒன்றும் அசையவில்லையெனில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் வில்லை ஒட்டி, 'என் மனு இன்று யாரிடம் உள்ளது, எந்நாள் முதல் உள்ளது' என்று கேளுங்கள். 30 நாளில் விடை தரவேண்டும். பல வேளைகளில் விடை வருமுன்னே மனு நகர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். (அதே சட்டத்தில், தகவல் ஆணையத்திடம் செல்லும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மட்டும் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆதலால் அதுவரை போகாமல் முடிப்பதே நலம்.)

வயலில் உழைத்து விரல் ரேகை தேய்ந்தவர்கள் பணம் எடுக்கும் கருவியின்முன் படும் பாட்டை அடுத்த திங்களில் எழுதக் கருதியிருக்கிறேன். அதற்குள் எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பழைய ஒப்புகைச் சீட்டு இவற்றோடு வாருங்கள். எல்லா மதத்தாரும் வரலாம்.