இல்லத்துக் கணினியும் கூடுதல் களஞ்சியங்களும்

சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில் நமது இல்லத்துக் கணினி கருந்திரையாய் நின்றுவிட்டது. அன்று மாலைக்குள் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். அதற்குரிய சான்றிதழ்கள் யாவும் அக்கணினிக்குள்ளேயே இருந்தன. அண்டை வீட்டுப் பொறியியல் மாணவரை அழைத்துவந்தோம். அவர் கணினியை மீட்பு முறையில் திறந்து, சிறிது நேரம் ஆராய்ந்தபின், "ஐயா, இந்த வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்தது யார்?" என்று வினவினார்.

நமக்கு நினைவு வர நெடுநேரம் ஆயிற்று. ஈராண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன், ஏதோ ஒரு விளையாட்டுக்காகத் திரைக்குரிய புதிய இயக்கி வேண்டுமென்று அதைச் சேர்த்திருந்தான். கணினி கடவுச்சொல்லைக் கேட்டபோது தட்டிக்கொடுத்தவர் நாமே. விளையாட்டை நீக்கினான், ஊருக்கும் போய்விட்டான். களஞ்சியம் மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. முந்தின நாள் மாலை வழக்கமான புதுப்பிப்போடு அதிலிருந்து இறங்கிய இயக்கியே திரையை மூடியிருந்தது.

வாசக அன்பர்களுள் உபுண்டு போன்ற லினக்ஸ் கணினி வைத்திருப்போர் இதைச் சற்றே கவனிப்பது நலம். லினக்ஸில் மென்பொருளை ஆங்காங்கே தேடி இறக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அனைத்தும் களஞ்சியங்களில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியம் நான்கு பகுதிகளை உடையது. மெயின் என்பது அதனை வெளியிடும் நிறுவனமே பராமரிக்கும் கட்டற்ற மென்பொருள். யுனிவர்ஸ் ஆர்வலர் சமூகம் பேணுவது. ரெஸ்ட்ரிக்டெட் பகுதியில் மூலநிரல் வெளியிடப்படாத இயக்கிகளும், மல்டிவர்ஸ் பகுதியில் உரிமத் தடைகள் உள்ளவையும் இருக்கின்றன. இவற்றுக்கு அப்பாற்பட்டவையே வெளிக் களஞ்சியங்கள். அவற்றுள் பெயர்பெற்றது பிபிஏ எனப்படும் தனியார் பொதிக் காப்பகம். லாஞ்ச்பேட் தளத்தில் கணக்குடைய எவரும் ஒன்றைத் தொடங்கலாம். அதிலுள்ளவற்றை உபுண்டுக் குழுவினர் சோதித்துத் தருவதில்லை.

இதில் அஞ்சத்தக்கது எது? ஒரு பொதி நிறுவப்படும்போது அதனுள் இருக்கும் கட்டளைகள் கணினியின் முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. ஆகவே ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது ஒரு மென்பொருளை வாங்குவதைப் போன்றதன்று. முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, வேண்டும்போதெல்லாம் வந்து போகச் சொல்வதைப் போன்றது. மேலும், ஒரே பொதி இரண்டு களஞ்சியங்களில் இருக்குமாயின், பதிப்பெண் எதில் உயர்ந்திருக்கிறதோ அதையே கணினி இயல்பாகத் தெரிந்தெடுக்கும். ஒரு விளையாட்டுக்காகத் திறந்த வாசல் வழியே திரையின் இயக்கியும் பிறவும் மாற்றப்படுவது இவ்வாறுதான்.

களஞ்சியத்தை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நாமும் எண்ணியிருந்தோம். அது பிழை. வாசலை அடைத்தாலும் உள்ளே வந்தவர் உள்ளேயேதான் இருப்பார். அதிலிருந்து நிறுவிய பொதிகள் தாமாகப் பழைய பதிப்புக்குத் திரும்புவதில்லை. இதற்கென்றே பிபிஏ-பர்ஜ் என்னும் சிறு கருவி உள்ளது. அது களஞ்சியத்தை முடக்குவதோடு, அதிலிருந்து வந்த பொதிகளுக்கு மாற்றாக உபுண்டுவின் சொந்தப் பதிப்புகளை மீட்டு வைக்கிறது. அந்த மாணவர் அன்று செய்ததும் அதுவே.

ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் கையொப்பச் சாவி ஒன்று உண்டு. முன்பெல்லாம் அச்சாவிகள் யாவும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, எந்தச் சாவியும் எந்தக் களஞ்சியத்துக்கும் செல்லுபடியாகும் நிலை இருந்தது. இப்பொழுது அந்தந்தச் சாவியை அந்தந்தக் களஞ்சியத்தோடு மட்டும் பிணைக்கிறார்கள். நல்ல மாற்றமே, ஆயினும் சாவி காட்டுவது அனுப்பியவர் யாரென்பதை மட்டுமே, அவர் அனுப்பிய பொருளின் தரத்தையன்று.

கூடுதல் களஞ்சியம் எல்லாமே தீங்கு என்று சொல்ல வரவில்லை. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தார் கட்டற்ற மென்பொருள் கொள்கையில் மிகக் கண்டிப்பானவர்கள். அவர்களே 2022 அக்டோபரில் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பில், வைஃபை போன்ற சாதனங்களுக்குத் தேவையான கட்டுடைய நிலைநிரல்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்றை அமைத்தார்கள். வைஃபை இயங்காத மடிக்கணினியால் யாருக்கு என்ன பயன்? தேவை மெய்யானதாயிருந்தது, வாசலும் அவர்களுடைய கண்காணிப்புக்கு உட்பட்டே திறந்தது. நமக்கு இது நியாயமாகவே படுகிறது.

உபுண்டுவில் மென்பொருள், புதுப்பிப்பு பற்றிய அமைப்புச் சாளரத்திலும், லினக்ஸ் மின்ட்டில் மென்பொருள் மூலங்கள் என்னும் சாளரத்திலும் இப்பட்டியலைக் காணலாம். ஐயமுள்ள வரியை உடனே அழிக்க வேண்டியதில்லை. குறியை எடுத்துவிட்டுச் சில நாள் பார்க்கலாம். உபுண்டுவை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது வெளிக் களஞ்சியங்களை அதுவே முடக்கிவிடும். அவற்றுள் எதை மீண்டும் திறப்பது என்று அப்போது ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொள்வது நல்லது. நம்மில் பலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்துவிடுகிறோம்.

மகளின் விண்ணப்பம் அன்று மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்பொழுது நமது பட்டியலில் வெளியார் வரி ஒன்றே உள்ளது. அது கூகுள் குரோம் உலவியினுடையது. உலவியை நிறுவியபோது நம்மைக் கேளாமல் தானாகவே சேர்ந்துகொண்டது. அதை வைத்துக்கொள்வதா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.