பெயரில்லா மரங்கள்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ எனப்படும் பழைய பலா மரம் காக்கப்பட்டு வருகிறது. பகைவர் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவரே பின்னர் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அரசரைக் காத்த மரம் என்பதால் அதற்குப் பெயரும் உண்டு, காவலும் உண்டு.

சாலையோர மரங்களோ நாள்தோறும் எத்தனையோ பேரை வெயிலிலிருந்து காக்கின்றன. அவற்றுக்குப் பெயரும் இல்லை, காவலும் இல்லை. சாலை அகலமாகும்போது முதலில் சாய்பவை அவையே.

கோட்டுகால் முதல் பாறசாலை வரை வாழும் மக்கள் இதனை நன்கு அறிவர். கரமனை – களியக்காவிளைச் சாலை பகுதி பகுதியாக நான்கு வழிச் சாலையாக்கப்பட்டு வருகிறது. கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை கோட்டுகால் வழியே செல்கிறது. முக்கோலை முதல் காரோடு வரை அது கான்கிரீட் சாலையாகவே அமைந்துள்ளது. இச்சாலைகள் வேண்டாதவை என்று கூற இயலாது. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் ஆம்புலன்ஸ் ஒன்று சிக்கி நின்றால், அகன்ற சாலையின் தேவை எவருக்கும் விளங்கும்.

எனினும், சாலை ஊர்திகளுக்கு மட்டும் உரியதன்று. குளிரூட்டிய காரில் செல்பவருக்கு மரம் போனது தெரியாது. பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவருக்குத் தெரியும். விழிஞ்ஞத்திலிருந்து மீன்கூடை சுமந்து வரும் பெண்ணுக்குத் தெரியும். லாட்டரிச் சீட்டு விற்கும் முதியவருக்குத் தெரியும். சாலைக்கான செலவை மக்கள் அனைவரும் பகிர்ந்து கொள்கின்றனர். நிழல் இழந்த துன்பத்தையோ நடப்பவர் மட்டுமே சுமக்கின்றனர். இது நேர்மையான கணக்கு ஆகாது.

“வெட்டிய மரத்திற்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடுவோம்” என்பர் சிலர். கன்று நடுவது நன்றே. ஆயினும், இன்று நடும் கன்று நிழல் தருவதற்குள் ஆறாம் வகுப்பு மாணவர் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவார். வேறோர் இடத்தில் நட்ட கன்று இவ்வழியே நடப்பவருக்கு என்றும் நிழல் தராது.

அவ்வாறாயின், வளர்ந்த மரத்தின் மதிப்பு எவ்வளவு? மேற்கு வங்கத்தின் ஜெசோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் இவ்வினா எழுந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டொன்றுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. மரம் எத்தனை ஆண்டு பழையதோ அத்தனை மடங்கு அம்மதிப்பு உயரும். இறுதியில், 2023ஆம் ஆண்டு அம்மரங்களை வெட்ட வழி விடப்பட்டது. ஆயினும், மரம் வெறும் விறகன்று என்பதை அக்கணக்கு நாட்டுக்கு உணர்த்தியது.

நடுவண் அரசின் 2015ஆம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் நடவும் பேணவும் ஒதுக்கக் கூறுகிறது. அது மட்டும் போதாது. சாலையின் வரைபடத்தில் நிற்கும் மரங்களை முதலில் குறித்தல் வேண்டும். நடைபாதையைச் சற்றே வளைத்தால் மரம் பிழைக்குமெனில் வளைத்தல் வேண்டும். வேருக்கு நீரும் காற்றும் செல்ல, அடிமரத்தைச் சுற்றி மண் விடுதல் வேண்டும். வேறு வழியே இல்லாதபோதுதான் கோடரியை எடுத்தல் வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கு வரும் வழியில் நிற்கும் புளி, மா, ஆல், வேம்பு ஆகியவற்றை எண்ணி, இடமும் வகையும் எழுதி, ஊராட்சியில் ஒப்படைக்கலாம். ஏட்டில் ஏறிய மரம் பெயரற்ற மரம் அன்று. அதை வெட்ட வருபவர் அதற்குரிய காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.