வாளித் தண்ணி சரி, பின்கதவு எங்கே?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேப்பர்ல ஒரு படம் வரும், பார்த்திருப்பீங்க. பள்ளிக்கூட மைதானம். வெயில்ல வரிசையா உட்கார வெச்ச பிள்ளைங்க. நடுவுல தீயணைப்பு வீரர் ஒருத்தர் சிவப்பு சிலிண்டரோட நிப்பார். எதிர்ல ஒரு தட்டுல பெட்ரோல் எரியும். ஓரமா தலைமையாசிரியரும் நிலைய அலுவலரும் கேமராவைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கீழே, 'விபத்தில்லா தீபாவளி விழிப்புணர்வு'ன்னு ஒரு வரி. போன வருஷப் படத்தையே திரும்பப் போட்டாலும் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது.

கூடவே குடுக்கிற நோட்டீஸ் எனக்கு மனப்பாடம். பருத்தி உடை உடுத்துங்க, பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வைங்க, குடிசை, வைக்கோல் படப்பு பக்கம் ராக்கெட் விடாதீங்க, வெடிக்காத வெடியைக் கையில எடுக்காதீங்க. 2018-ல உச்ச நீதிமன்றம் வெடிக்கிற நேரத்தை ரெண்டு மணி நேரமாக் குறைச்சதுக்கு அப்புறம், காலையில 6-லிருந்து 7, சாயங்காலம் 7-லிருந்து 8-ன்னு ஒரு வரி சேர்ந்துச்சு. அவ்வளவுதான் மாற்றம். எழுதினதுல ஒரு வரி கூடத் தப்பு கிடையாது. ஆனா இதெல்லாமே யாரைப் பார்த்துச் சொல்றது? பத்து வயசுப் பையனைப் பார்த்து.

இங்கதான் எனக்குச் சண்டை. தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு எரியற கட்டடத்துக்குள்ள போற மனுஷனோட இல்லைங்க. அவருக்கு ஒரு கும்பிடு. என் சண்டை, 'விழிப்புணர்வு'ங்கிற அந்த ஒத்த வார்த்தையோட. எந்த விபத்து நடந்தாலும் அடுத்த நாள் டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் 'நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாதுங்க'ன்னு முடிச்சுடறோம். செத்தவன் தலையிலயே பழியைப் போட்டுட்டுப் போறதுக்கு இதைவிட மரியாதையான வார்த்தை தமிழ்ல கிடையாது.

கொஞ்சம் பழசை நினைச்சுப் பாருங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கீற்றுக் கொட்டகைக்குள்ள சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிஞ்சு போனாங்க. அவங்களுக்கு என்ன நோட்டீஸ் குடுத்திருப்பீங்க? 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். தை மாசக் கல்யாணம். மாடியில போட்ட கீற்றுப் பந்தல்ல தீப்பிடிச்சு, மாப்பிள்ளையோட சேர்த்து 50 பேருக்கு மேல போனாங்க. தாலி கட்டற நேரத்துக்கு வந்த சொந்தக்காரங்க எந்த விதத்துல விழிப்பில்லாம இருந்தாங்க?

சரி, ஸ்ரீரங்கத்துல பாடம் படிச்சோமா? ஆறு மாசம் கூட ஆகலை. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள, அதே காவிரிக் கரையில, 2004 ஜூலை 16, கும்பகோணம். மறுபடி மாடி, மறுபடி கீற்று. கீழே சத்துணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ மேல வகுப்புக்குப் போச்சு. படிக்கட்டு குறுகல். 94 குழந்தைங்க. வழக்குல தீர்ப்பு வர 2014 ஆச்சு. பத்து வருஷம். அந்தப் பிள்ளைங்க இருந்திருந்தா காலேஜ் வயசை எட்டியிருக்கும்.

அதுக்கப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள்லேர்ந்து கீற்றுக் கூரை போச்சு. எப்படிப் போச்சு? மாணவர்களுக்கு நோட்டீஸ் குடுத்தா போச்சு? அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, அதிகாரி வந்து பார்த்தாரு, பிரிச்சாங்க. விஷயம் முடிஞ்சுது. கண்டிச்சு உத்தரவு போட வேண்டிய இடத்துல நோட்டீஸ் குடுத்தா அது விழிப்புணர்வு இல்ல, நழுவல்.

போன தை மாசம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஊர் பேரும் மண்டபத்துப் பேரும் வேணாம், உங்க ஊர்லயும் அப்படி நாலு இருக்கும். சாப்பாட்டு ஹால் மாடியில. ஏறி இறங்க ஒரே படி. அதுலதான் முதல் பந்தி இறங்குது, ரெண்டாம் பந்தி ஏறுது, சாம்பார் வாளியும் ஏறுது. பின்பக்கம் இன்னொரு படி இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்லணும், ஏன்னா இரும்பு கேட் போட்டுப் பூட்டு தொங்குது, அதுக்கு முன்னால பிளாஸ்டிக் சேரை அடுக்கி வெச்சிருக்காங்க. மேனேஜர்கிட்ட கேட்டேன். 'திறந்து வெச்சா வெளியாளுங்க பந்தியில வந்து உக்காந்துடறாங்க சார்'னார். சாவி? வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன்? சாப்பிடப் போயிருக்கார். தீயணைப்பான் ஒண்ணு சுவர்ல மாட்டியிருந்தது, மணமக்களை வாழ்த்தற ஃபிளெக்ஸுக்குப் பின்னாடி :-)

முன்னூறு பேர் உட்கார்ந்து சாப்பிடற அந்த ஹால்ல தீயைப் பத்தி சொல்லிக் குடுக்கணும்னா யாருக்குச் சொல்லணும்? அந்த மேனேஜருக்கு. பந்தல்காரருக்கு. சமையல் கான்ட்ராக்டருக்கு. ஒரே பிளக்ல நாலு லைட்டைச் சொருகற வீடியோகாரருக்கும் ரேடியோ செட்காரருக்கும். தையிலயும் வைகாசியிலயும் ஆவணியிலயும் முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர் நிலைய அலுவலர் இவங்களை அதே மண்டபத்துல கூட்டி வெச்சு, பின்கேட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்கட்டுமே. தீயணைப்புத்துறை குடுத்த சான்று என்ன தேதியோடதுன்னு வாசல்ல, வாழைமரம் கட்டற இடத்துக்குப் பக்கத்துலயே, தமிழ்ல ஒட்டச் சொல்லட்டுமே. பொண்ணு வீட்டுக்காரங்க அட்வான்ஸ் குடுக்க வரும்போது ஏசி இருக்கா, கார் நிறுத்த இடம் இருக்கான்னு கேட்கிறாங்க. இதையும் பார்ப்பாங்க.

நாம என்ன பண்றோம்? ஏப்ரல் 14-லிருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம் கொண்டாடறோம். தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு ஆரம்பம். ஜனம் பூராவும் டிவி முன்னாடி, பள்ளிக்கூடத்துல முழுப்பரீட்சை. அந்தத் தேதிக்கு ஒரு காரணம் இருக்கு. 1944-ல அதே நாள் பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிக்கீன்ங்கிற கப்பல் எரிஞ்சு வெடிச்சுது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்தாங்க. அவங்களுக்கு அஞ்சலி செலுத்தறது நியாயம். ஆனா அந்தக் கப்பல்ல பஞ்சு மூட்டையையும் வெடிமருந்தையும் ஒண்ணா ஏத்தியிருந்தாங்க. ஏத்த விட்டது யாருன்னு கேட்கறதை விட்டுட்டு, 82 வருஷம் கழிச்சும் பிள்ளைங்களுக்கு ஓவியப் போட்டி வெக்கிறோம்.

அவங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கத் தெரியாதுன்னு நான் சொல்லவே இல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி குளத்தங்கரையில ஒரு ஒத்திகை நடத்துவாங்களே, பார்த்திருக்கீங்களா? காலித் தண்ணி கேன், பிளாஸ்டிக் பாட்டில், வாழைமரம், இதையெல்லாம் கட்டி மிதந்து காட்டுவாங்க. பிரமாதமான நிகழ்ச்சி. ஏன்னா வெள்ளம் வர்றப்ப நம்ம வீட்டுல இருக்கப்போறது அதுதான், லைஃப் ஜாக்கெட் இல்ல. இந்தப் புத்தி தீ விஷயத்துல மட்டும் எங்க போகுது? எத்தனை வீட்டுல சிவப்பு சிலிண்டர் இருக்கு?

வீட்டுல இருக்கிறது எண்ணெய்ச் சட்டி. அது பத்திக்கிட்டா பதறிப்போய்த் தண்ணியைத்தான் ஊத்துவாங்க. தண்ணி எண்ணெய்க்கு அடியில போய்க் கொதிச்சு ஆவியாகி, எரியற எண்ணெயை ஆள் மேல வாரி இறைக்கும். அடுப்பை அணைச்சுட்டு, ஒரு தட்டைப் போட்டு மூடினா முடிஞ்சுது. சட்டியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடக் கூடாது. சமையல் கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கி நிக்கும். அப்ப ஸ்விட்ச்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாசனை போகட்டும்னு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடறாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வெளிய வந்துடணும். இதைச் சொல்ல வேண்டிய இடம் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை. பள்ளிக்கூட மைதானத்துல என்ன எண்ணெய்ச் சட்டி?

'அவங்களுக்கே ஆள் பத்தலை, வண்டி பத்தலை, இதுல மண்டபம் மண்டபமா வேற போகணுமா'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். பெட்ரோல் தட்டு வித்தைக்கு வண்டியோட ஆளை அனுப்பறாங்க இல்ல, அதுல பாதியை இங்க திருப்புங்கன்னுதான் கேட்கிறேன். பேப்பர்ல படம் வராது. பூட்டின கேட்டைத் திறந்ததுக்கு எந்த எடிட்டர் இடம் குடுப்பார்?

பி.கு: தீயணைப்புக்கு 101, இல்லைன்னா 112. கேஸ் கசிவுக்குத் தனியா 1906 இருக்கு. அடுத்த முகூர்த்தத்துக்குப் போறவங்க மொய் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்பக்கம் போய்ப் பார்த்துட்டு, பூட்டு தொங்குதா இல்லையான்னு எழுதுங்க. ஊர் பேரோட.