துணைக்கு வந்தவரின் கை

தாயைப் பரிசோதனைக்கு அழைத்து வரும் மகன், தம் கையை நீட்டுவதில்லை. இரத்த அழுத்தம் முதியோர்க்கே உரியது என்னும் எண்ணத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது நிறைந்த ஆண்களில் 30.2 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 24.8 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் மிகுந்திருந்தது, அல்லது அதற்கு மருந்து உண்டு வந்தனர். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இது விரைந்து ஏறும் என்பதும் உண்மையே.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது. ஆனால், பகலில் வீட்டில் இருப்பவர் யார்? சிறுசேரியில் கணினி முன் அமர்ந்திருப்பவரா, கோவளத்தில் வலை இழுப்பவரா? கேளம்பாக்கம் மருத்துவமனைகள் துணைக்கு வருவோர்க்கும் அளந்து பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும் என்பதே எம் கருத்து. 140/90 என்பதைத் தொட்டால், மற்றொரு நாளும் வந்து அளந்துகொள்ளுங்கள்.