நவம்பர் வரிசை யாருக்கானது?

அமெரிக்காவின் பெயர் பெற்ற கல்லூரிகளில் நுழைய இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று 'எர்லி டிசிஷன்'. நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு இப்படி விண்ணப்பிக்கலாம். டிசம்பர் நடுவில் முடிவு வரும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மற்றது 'ரெகுலர் டிசிஷன்'. ஜனவரி வாக்கில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, வசந்தத்தில் முடிவுகளைப் பார்த்து, எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டு, மே 1க்குள் பதில் சொல்லலாம்.

கேட்பதற்கு மாணவரின் விருப்பம் போலத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 2024இல் சேர்ந்த அணிக்கு பிரவுன் பல்கலைக்கழகம் நவம்பர் வரிசையில் 100க்கு 14 பேரை எடுத்தது. ஜனவரி வரிசையில் 100க்கு 4 பேர்கூட இல்லை. மொத்த இடங்களில் ஏறத்தாழ பாதி டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

முதல் வரிசையில் நிற்க என்ன வேண்டும்? தகுதியா? இல்லை. செலவைப் பற்றிக் கவலைப்படாத வீடு வேண்டும். ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும் படிப்புக்கு, வேறு எந்தக் கல்லூரியின் சலுகையையும் பார்க்காமலே கையெழுத்துப் போட யாரால் முடியும்? பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய இரண்டே மாதத்தில் கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் தயாராக வேண்டும். பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அங்கே பரிந்துரைக்கப்பட்ட அளவு. நாட்டின் சராசரியோ 350க்கும் மேல். தனி ஆலோசகரைக் காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கவலை கிடையாது.

"உதவித்தொகை போதாவிட்டால் விலகிக்கொள்ளலாமே" என்கிறார்கள். விலகலாம். ஆனால் கையில் வேறு சலுகை எதுவும் இல்லாத பெற்றோர் எதை வைத்துப் பேரம் பேசுவார்கள்? "முதல் வரிசையில் விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அதிகம், அதனால்தான் விகிதம் கூடுகிறது" என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு சலுகைக்கு இன்னொரு சலுகையைச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள் என்றுதான் பொருள்!

ஏழை மாணவர்களுக்காக குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற அமைப்பு நடத்தும் திட்டத்திலும் பெரும்பாலான கல்லூரிகள் கட்டாயச் சேர்க்கையையே கேட்கின்றன. ஆனால் அங்கே நான்கு ஆண்டுச் செலவுக்கும் முதலிலேயே உறுதி கொடுக்கப்படுகிறது. வாக்குறுதி கேட்பவர் வாக்குறுதி கொடுக்கவும் வேண்டும், அதுதான் நியாயம். எர்லி டிசிஷனில் கட்டுப்படுவது மாணவர் மட்டுமே.

2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன. வசதி படைத்தவர்களுக்கே அது மேலும் வசதி செய்கிறது என்று ஹார்வர்டே ஒப்புக்கொண்டது. போட்டிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அசையவில்லை. 2011இல் இரண்டுமே, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வடிவில், அதைத் திரும்பக் கொண்டுவந்தன. நல்லெண்ணத்தை நம்பி நீதி வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவருக்குத் திறந்திருந்த சிறு கதவு 'சமத்துவம்' என்ற பெயரில் மூடப்பட்டது. நவம்பர் கதவை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. அதே ஆண்டு ராஜ் செட்டி குழுவின் ஆய்வு வெளியானது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை உயர்மட்டக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்றது அது. இடஒதுக்கீடு என்றால் தகுதி கெட்டுவிடும் என்று கூப்பாடு போடுகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எம்ஐடி இந்தக் கட்டாயம் இல்லாமலே மாணவர்களை எடுக்கிறது. அதன் தரம் எங்கே குறைந்தது? வழி இருக்கிறது, மனம்தான் இல்லை. கட்டாயச் சேர்க்கையைச் சட்டத்தால் ஒழியுங்கள். அதுவரை, எந்த வரிசையில் எந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடட்டும். தகுதி என்று சொல்கிறவர்கள் கணக்கைக் காட்டத் தயங்கக் கூடாது.