வலியில்லாத ஊரில் சிலுவைக்கு இடமில்லை



இவ்வாரச் சிந்தனையை வேதபகுதியிலிருந்து தொடங்காமல், நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் ஒரு நாவலிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி 1993-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கிவர்' என்பது அதன் பெயர். 'கொடுப்பவர்' என்று பொருள்படும். வருங்காலத்து ஊர் ஒன்றைக் கற்பனை செய்து எழுதப்பட்ட கதை. பச்சிளங்குழந்தையைக் கொல்லும் காட்சி அதில் உண்டு. முதியோரைக் கொல்லும் வழக்கம் உண்டு. ஓர் இளம்பெண் தன் சாவைத் தானே கேட்டுப் பெற்றுக்கொண்ட செய்தியும் உண்டு. இவற்றைக் காரணம் காட்டி, "விசுவாச வீட்டுப் பிள்ளைகள் இதைத் தொடவே கூடாது" என்கிறார்கள் சில பெற்றோர். அமெரிக்காவிலும் இதே காரணங்களைச் சொல்லி, பள்ளிகளிலிருந்து இந்நூலை நீக்கும்படி பலர் கேட்டார்கள். 1990-களில் அவ்வாறு மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களை அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது. சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 1994-இல் வழங்கப்பட்டதும் இதே நூலுக்குத்தான்.

தடுக்க விரும்பும் பெற்றோரின் அக்கறையை நான் மதிக்கிறேன். அவர்கள் எடுத்த முடிவை மறுக்கிறேன். மறுப்பதற்குக் காரணம் இலக்கிய ஆர்வமன்று. இந்நூலை விலக்கும்படி நாம் சொல்லும் நியாயங்களே, இந்நூல் கண்டனம் செய்கிற ஊரின் நியாயங்களாயிருக்கின்றன. அதைத்தான் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

முதலில் கதையைக் கேளுங்கள். அந்த ஊரில் பசியில்லை, போரில்லை, சச்சரவில்லை. யார் யாரை மணப்பது, யார் எந்த வேலையைச் செய்வது என்பதையெல்லாம் மூப்பர்கள் தீர்மானிக்கிறார்கள். குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களும் பெற்றெடுத்தவர்கள் அல்ல, ஒப்படைக்கப்பட்டவர்கள். மலையில்லை, பனியில்லை, மக்களின் கண்ணுக்கு நிறங்களும் தெரிவதில்லை. வாலிபத்தின் ஆசைகள் தலைகாட்டியதும் அவற்றை அடக்க நாள்தோறும் மாத்திரை கொடுக்கப்படுகிறது. இந்த அமைதிக்கு ஒரே ஒரு விலை உண்டு: ஊரார் தங்கள் முன்னோர் பட்ட எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். மனுக்குலத்தின் நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு முதியவர் தனியறையில் சுமந்திருக்கிறார். ஊருக்கு ஆலோசனை தேவைப்படும்போது மட்டும் அவரை நாடுவார்கள்.

பன்னிரண்டு வயதாகும் ஜோனாஸ் என்ற சிறுவன் அவருக்குப் பின் அந்தச் சுமையை ஏற்கும்படி தெரிந்துகொள்ளப்படுகிறான். முதியவர் தம் கைகளை அவன் முதுகில் வைத்து நினைவுகளை ஒவ்வொன்றாக அவனுக்குள் கடத்துகிறார். பனிச்சறுக்கின் மகிழ்ச்சி வருகிறது; வெயிலின் இதமும் வருகிறது. பின்பு எலும்பு முறிந்த வேதனையும், போர்க்களத்தில் தண்ணீர் கேட்டு மடிகிற இளைஞனின் முகமும் வருகின்றன. ஒருநாள், தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பம் கூடிப் பண்டிகை கொண்டாடும் நினைவு வருகிறது. அன்றுதான் 'அன்பு' என்ற சொல்லை அவன் அறிகிறான். வீட்டுக்கு வந்து, தன்மேல் அன்பு உண்டா என்று பெற்றோரைக் கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அவனுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

சொற்களில் இவ்வளவு கண்டிப்பான அந்த ஊரில் ஒரு சொல் மட்டும் பொய்யாயிருக்கிறது. முதியோரும், எடை குறைந்த குழந்தைகளும், குற்றம் செய்தவரும் 'விடுவிக்கப்படுகிறார்கள்' என்று ஊர் சொல்கிறது. இரட்டையரில் எடை குறைந்த சிசுவைத் தன் தகப்பன் 'விடுவிக்கும்' காட்சியைப் பதிவில் காண்கிறபோதுதான் ஜோனாசுக்கு உண்மை தெரிகிறது. அது நச்சூசி. குழந்தைகளைப் பேணுவதே தொழிலான அந்த மனிதன், கொஞ்சுமொழி பேசியபடியே ஊசியைப் போடுகிறான். அவன் கொடியவன் அல்லன். சாவு என்றால் என்ன, இழப்பு என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தக் காட்சிக்காகவே நூலை விலக்க வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தையும் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தையும் என்ன செய்வோம்? எபிரெயரின் ஆண்குழந்தைகளைக் கொல்லப் பார்வோன் கட்டளையிட்டதைப் பரிசுத்த ஆவியானவர் மறைக்கவில்லை. பெத்லகேமில் ஏரோது சிந்திய சிசுக்களின் இரத்தம், நம் ஆண்டவருடைய பிறப்பின் செய்தியோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஆறுதல் வேண்டாம் என்று மறுத்து அழும் ராகேலும் அதே பக்கத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் சாஸ்திரிகளையும் ஒட்டகங்களையும் மேடையேற்றும் நாம், ராகேலை மட்டும் வெளியே நிறுத்திவிடுகிறோம். வேதம் அவளை வெளியே நிறுத்தவில்லை.

தீமையைக் காட்டுவது வேறு, தீமையை இனிமையாக்குவது வேறு. வன்முறையைக் கேளிக்கையாக்கும் படங்களும் விளையாட்டுகளும் நம் வரவேற்பறையில் நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றைக் குறித்து நாம் இவ்வளவு கலங்குவதில்லை. லோரியின் நூலை வாசிக்கிற பிள்ளை அந்தச் சிசுவுக்காகத் துடிக்கிறது. துடிப்பது நல்லது. துடிக்கத் தெரியாதவர்களால் நிறைந்த ஊர் எப்படியிருக்கும் என்பதே கதை.

இதை எழுதிய பெண்மணி வேதனையைத் தொலைவிலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். 1937-இல் ஹவாய்த் தீவுகளில், இராணுவப் பல்மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். அவருடைய அக்காள் இளவயதிலேயே புற்றுநோயால் மரித்தார். அந்த இழப்பிலிருந்தே 1977-இல் அவருடைய முதல் நாவல் பிறந்தது. பின்னாளில் முதியோர் இல்லத்தில் இருந்த அவருடைய தகப்பனார் நினைவை இழந்துவந்தார். மரித்துப்போன மகளின் படத்தைக் காட்டி, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று தமக்கு நினைவில்லை என்றார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் அந்த மனதிலிருந்து மறைந்திருந்தது. மறதி எவ்வளவு இதமானது என்றும், அந்த இதம் எவ்வளவு ஆபத்தானது என்றும் எண்ணிப் பார்த்ததிலிருந்து இந்நூல் உருவானதாக, நியூபெரி பதக்கம் பெற்ற உரையில் லோரி விளக்கினார். நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், 1995-இல், விமானப்படை விமானியாயிருந்த அவருடைய மகன் விமான விபத்தில் இறந்தார். தமக்கு அன்பானவர்களைப் புதைத்த ஒருவர், "மறந்துவிடாதீர்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். அவருடைய சொல்லுக்குக் கொஞ்சம் செவிகொடுக்கலாகாதா?

இப்போது நம்மைக் குறித்துப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் ஒருவர் எல்லா வேதனையையும் சுமக்கிறார். மற்றவர்கள் அதை நினையாமலே நிம்மதியாக உறங்குகிறார்கள். பிரியமானவர்களே, இன்று பல மேடைகளிலிருந்து பிரசங்கிக்கப்படும் சுவிசேஷம் இதுதான் அல்லவா? "இயேசு பாடுபட்டார், ஆகவே உனக்குப் பாடு இல்லை. அவர் நோயைச் சுமந்தார்; ஆகவே நீ நோயுற்றால் உன் விசுவாசத்தில் குறை." சிலுவையை ஊருக்கு வெளியே ஒரு தனியறையில் பூட்டிவைத்து, ஆசீர்வாதம் தேவைப்படும்போது மட்டும் கதவைத் தட்டுகிற மார்க்கம் அது. நம் கர்த்தரைக் கொடுப்பவராக அல்ல, அந்த முதியவரைப்போல நமக்காக நினைவைச் சுமக்கும் ஊழியக்காரராக நாம் நடத்துகிறோம்.

ஆனால் கர்த்தர் என்ன செய்தார்? தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, தம்மை நினைவுகூரும்படி கட்டளையிட்டார். நமக்காகப் பாடுபட்டவர், நாம் அதை மறந்து சுகமாயிருக்கும்படி விடவில்லை. திருவிருந்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவருடைய மரணத்தை நம் கையில் வாங்கி, வாயில் இட்டு, பிறருக்கு அறிவிக்கிறோம். வலியைத் தணிக்கும்படி வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொல்கொதாவில் கொடுத்தபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று மாற்கு 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்தெழுந்த மகிமையின் சரீரத்திலும் ஆணிகளின் தழும்புகள் இருந்தன. தோமா அவற்றைக் கண்டுதான் தொழுதுகொண்டான். மரணத்தை வென்றவர் தம் காயங்களை மறைக்கவில்லை. அவருடைய சபை ஏன் மறைக்கிறது?

நாம் மறைக்கிறோம் என்பது உண்மை. சாட்சி நேரத்தில் விடுதலை பெற்றவர் மட்டுமே எழுந்து பேசலாம் என்ற எழுதாச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. இன்னும் ஜெபித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருப்பவருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. கணவனை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகாத சகோதரியிடம், "அழக்கூடாது, அவர் ஆண்டவரிடத்தில் இருக்கிறார்" என்கிறோம். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கல்லறையண்டையில் கண்ணீர் விட்டாரே! தற்கொலையால் ஒரு பிள்ளையை இழந்த வீட்டாரைச் சுற்றி மௌனச்சுவர் எழுப்புகிறோம். "கர்த்தர் எடுத்துக்கொண்டார்", "எல்லாம் நன்மைக்கே" என்ற சொற்கள் உண்மையாயிருக்கலாம். ஆனாலும் எதிரே இருப்பவரின் வேதனையைப் பாராமலிருக்க அவற்றை நாம் பயன்படுத்தும்போது, அந்த ஊரின் 'விடுவித்தல்' போன்ற சொற்களாகவே அவை மாறிவிடுகின்றன.

பிள்ளைகளிடமும் இதையே செய்கிறோம். அடக்க ஆராதனைக்கு அவர்களை அழைத்துச் செல்வதில்லை. வீட்டில் நேர்ந்த இழப்பை, வியாதியை, கடனை அவர்களுக்குச் சொல்வதில்லை. தேவன் விதித்த முறை வேறு. பஸ்காவில் கசப்பான கீரையை வைக்கச் சொன்னார். இந்த ஆராதனையின் கருத்து என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றார். அடிமைத்தனத்தின் கசப்பு பிள்ளையின் நாவிலும் படவேண்டும் என்பது அவருடைய திட்டம். கர்த்தரையும் அவர் செய்த கிரியைகளையும் அறியாத ஒரு சந்ததி எழும்பியதையும், அதன் பின்விளைவையும் நியாயாதிபதிகள் 2-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கசப்பை ஊட்டாத தலைமுறைக்கு மீட்பின் இனிமையும் விளங்குவதில்லை. சிவப்பு தெரியாத கண்ணுக்கு இரத்தமும் தெரியாது, ரோஜாவும் தெரியாது.

எல்லா வயதினர் கையிலும் இந்நூலைக் கொடுத்துவிடச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன் பெற்றோர் வாசிக்கட்டும். பின்பு பிள்ளையோடு அமர்ந்து பேசட்டும். தன் சாவைக் கேட்டுப் பெற்ற பெண்ணைப் பற்றிய பகுதி வரும்போது, மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையைத் தனியே விட்டுவிடாதீர்கள். இந்நூலில் மீட்பர் இல்லை என்பதும் உண்மை. நினைவு மட்டும் எவரையும் இரட்சிக்காது. ஜோனாஸ் வேதனையைச் சுமக்கிறான். பாவத்தைச் சுமக்க அவனால் முடியாது. அதைச் சொல்லித்தரவே பிள்ளைக்குப் பெற்றோரும் சபையும் இருக்கிறார்கள். கேள்வியை எழுப்பும் நூலைப் பறித்துக்கொள்கிறவர்கள், பதிலைச் சொல்லும் வாய்ப்பையும் இழக்கிறார்கள்.

கதையின் இறுதியில், கொல்லப்படவிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜோனாஸ் ஊரைவிட்டு ஓடுகிறான். குழந்தையின் பெயர் காபிரியேல். அவன் போய்விட்டால் அவனிடமிருந்த நினைவுகளெல்லாம் ஊராரிடம் திரும்பிவரும். அவர்கள் கலங்குவார்கள், கதறுவார்கள். முதியவர் அவனோடு செல்லவில்லை. கதறப்போகிறவர்களோடு இருக்கும்படி ஊரிலேயே தங்கிவிடுகிறார்.

சபையின் வேலை அதுவே. அழுகிறவர்களுடனே அழவும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். வருகிற ஞாயிறு உங்கள் அருகில் அமரும் ஒருவர் கடந்த வாரம் அழுதிருப்பார். "எப்படியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்லிமுடிக்கும்வரை வசனம் எதுவும் சொல்லாமல் கேட்டிருங்கள். உங்கள் பிள்ளையும் அருகில் நின்று கேட்கட்டும்.

ஜெபம்: காயப்பட்ட கரங்களையுடைய ஆண்டவரே, எங்கள் வேதனையை உம்மிடமிருந்தும், ஒருவரிடமிருந்து ஒருவரும் மறைக்கும் அச்சத்தை எங்களிடமிருந்து நீக்கும். நீர் பட்ட பாடுகளை மறவாத சபையாக, பிறர் படும் பாடுகளைக் கடந்துபோகாத சபையாக எங்களை ஆக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும், அவர்களோடு கூட அழும் அன்பையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.