ஆட்டுக்குட்டி உருவில் ஒரு வேட்டை நாய்

இங்கிலாந்தின் வட எல்லையை அடுத்த நோர்தம்பர்லாந்துப் பகுதியிலே பெட்லிங்டன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தாங்கிய 'பெட்லிங்டன் டெரியர்' என்னும் நாயை முதன்முறை காண்போர், அதனை நாயென்று நம்பச் சற்றுத் தயங்குவர். சுருண்ட மென்மயிர், தலையிலே பட்டுப்போன்ற கொண்டை, நுனியிற் குஞ்சம் தொங்கும் காதுகள், வில்லென வளைந்த முதுகு ஆகிய யாவும் சேர்ந்து, தாயைத் தேடி நிற்கும் ஆட்டுக்குட்டியின் சாயலை அதற்கு அளித்துள்ளன. உயரம் ஏறக்குறைய 16 அங்குலம். நிறை 18 முதல் 23 இறாத்தல் வரை.

எலி ஒழிக்கவும் முயல் பிடிக்கவும் ஒரு நாய் வேண்டுமென முதன்முறையாக எண்ணும் ஆங்கில இளைஞர் பலர், இந்த இனத்தை அல்லது இதன் கலப்புக் குட்டியை நாடுகின்றனர். 'வீட்டிலே சாது, வெளியிலே வீரன், வேறென்ன வேண்டும்?' என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்திலே பாதி சரி. மற்றப் பாதியை அறியாமற் குட்டியை வாங்குவதனால் வரும் துன்பத்தை அனுபவிப்பது பெரும்பாலும் வாங்கியவர் அல்லர், நாயே.

இதன் பிறப்பிடத்தை அறிந்தால் குணமும் விளங்கும். பெட்லிங்டன் நிலக்கரியும் இரும்பும் விளைந்த ஊர். 1820இல் ஜோன் பேர்க்கின்ஷோ என்பவர் புதுவகை இரும்புத் தண்டவாளத்துக்கு உரிமை பெற்றது அவ்வூர் இரும்பாலையிலேயே. 1825ஆம் ஆண்டளவில், ஜோசப் எயின்ஸ்லி என்னும் கற்கொத்தர் தம்மிடம் பிறந்த நாயொன்றுக்கு ஊரின் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்னர், அயலிலுள்ள ரொத்பரி என்னும் இடத்தின் பெயராலேயே இந்த நாய்கள் வழங்கி வந்தன. சுரங்கத் தொழிலாளரும் ஆணி அடிப்போரும் ஊரூராய்த் திரிந்த நாடோடிகளும் இவற்றை வளர்த்தனர். பகலெல்லாம் பாடுபட்டவன் இரவிலே சட்டிக்கு ஒரு முயலைத் தேடிச் செல்லும்போது உடன் சென்ற நாய் இது. பிரபுக்களின் நிலத்தில் அனுமதியின்றிப் பிடித்த முயல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சீமாட்டிகளின் மடியில் வளர்ந்த இனமன்று. 1877இல் இதற்கெனச் சங்கம் தோன்றிய பின்னரே கண்காட்சி மேடைகளில் இதன் மயிரைக் கத்தரித்து ஆட்டுக்குட்டி வேடத்தை மேன்மேலும் அழகுபடுத்தினர். வேடம் மாறிற்றேயன்றி உள்ளே இருந்தது மாறவில்லை.

வீட்டிலே இந்த நாய் அடக்கமாக இருக்கும் என்பது மெய்யே. மற்றைய டெரியர்களைப்போல ஓயாது குரைத்து உயிரை வாங்காது. ஆனால் சினம் மூண்டால் எளிதில் விட்டு விலகாது. அயல்வீட்டுப் பூனை மதிலாற் குதித்தோடும் கணத்திலே, அதுவரை அடுப்பங்கரையில் உறங்கிய சாது எங்கே போயிற்று என்று வீட்டார் திகைப்பர். ஒரே பாலைச் சேர்ந்த இரண்டை ஒரு கூரையின் கீழ் வளர்ப்பதும் புதியவர்க்கு உகந்ததன்று.

இனிக் கலப்பினத்துக்கு வருவோம். பார்வையால் இரையைத் துரத்தும் வேகநாய்களாகிய கிரேஹவுண்ட், விப்பெட் முதலியவற்றை வேறோர் இனத்துடன் சேர்த்துப் பெறும் நாயை ஆங்கிலேயர் 'லேர்ச்சர்' என்பர். அவற்றுள் பெட்லிங்டனும் விப்பெட்டும் கலந்த குட்டி நெடுங்காலமாகப் பேர்பெற்றது. விப்பெட் ஓட்டத்தைத் தரும். பெட்லிங்டன் முட்புதரையும் குளிரையும் பொருட்படுத்தாத உறுதியைத் தரும். சொல்லுகையில் இனிமையாகவே இருக்கிறது. எனினும், பிறக்கும் குட்டிகள் நம் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுள் ஒன்றுக்கு விப்பெட்டின் மெல்லிய தோலும் டெரியரின் அடங்காமையும் அமையலாம். மற்றொன்றுக்கு நனைந்தாற் பாரமாகி முள்ளெல்லாம் சிக்கும் பஞ்சுமயிர் அமையலாம்.

இத்தகைய நாயின் சிறந்த வேலையை, பெரெட் என்னும் கீரிபோன்ற சிறு வளர்ப்பு விலங்குடன் கூட்டாகக் குழிமுயல் பிடிக்கும்போது காணலாம். முதலில் நாய் வளைகளை முகர்ந்து, எதனுள்ளே முயல் இருக்கின்றது என்று ஓசையின்றி நின்று காட்டும். வளைவாய்களில் வலையிட்ட பின் பெரெட்டை உள்ளே விடுவர். வெளியே பாயும் முயல் வலையில் விழும். வலைக்குத் தப்பியதை நாய் துரத்திப் பிடிக்கும். அதுவரை அந்த நாய் அசையாது நிற்றல் வேண்டும். வலையிற் சிக்கியதைக் கிழித்தல் கூடாது. பெரெட் தலை நீட்டும்போது அதனை முயலென்று கவ்வுதல் கூடவே கூடாது. இவ்வளவு பொறுமை பிறவியில் வருவதன்று. ஆறு மாதக் குட்டி வளர்ந்துவிட்டதுபோல் தோன்றுவதைக் கண்டு ஆவலுற்று, அதனை வேலைக்கு இழுத்துச் செல்வதே புதியவர் செய்யும் முதற்பிழை. ஓராண்டு நிரம்பும் வரையேனும் பொறுத்து, அழைத்த குரலுக்குத் திரும்பிவர மட்டும் பழக்கினாற் போதும். விரட்டும் வேகத்திலே காது அடைபட்டுவிடும் இனங்கள் இரண்டும் கூடிய குட்டிக்கு அந்த ஒரு பாடமே மலையளவு.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2004இல் இயற்றப்பெற்று 2005இல் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம், காட்டு விலங்குகளை நாய்விட்டு வேட்டையாடுவதைப் பெரிதும் தடுத்துள்ளது. நிலவுடைமையாளரின் அனுமதியுடன் எலியும் குழிமுயலும் பிடிக்கலாம். வளை தோண்டாது வெட்டவெளியிற் படுக்கும் மற்ற முயலை நாய்விட்டுத் துரத்துதல் குற்றம். ஆங்கிலேயருக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயருடைய விலங்குகள். தமிழிலே இரண்டையும் முயலென்றே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டுக் காடுகளிலே திரிவது பின்னையதன் இனமே. நாய்க்கோ எந்த மொழியிலும் இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அதன் உடையவர்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஆடுகளே. நோர்தம்பர்லாந்து ஆட்டு மந்தைகள் நிறைந்த நாடு. முயலின்பின் பாயும் நாயொன்று வேலியைத் தாண்டி மந்தையுள் நுழைந்தால், சினையாடுகள் வெருண்டு ஓடியே கருச்சிதைவுறும். நாயின் பல் படவேண்டுமென்பதில்லை. மந்தையைக் கலைக்கும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாதபோது அதனைச் சுட்ட விவசாயிக்கு 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. 48 மணித்தியாலத்துள் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும், அவ்வளவே. ஆட்டுக்குட்டியைப்போன்ற தோற்றம் அங்கே எந்த நாயையும் காப்பாற்றாது. ஆகையாற் குட்டிப்பருவத்திலேயே கயிற்றிற் கட்டி, ஆடுகளின் அருகே நாள்தோறும் நடத்தி, அவற்றை ஏறெடுத்தும் பாராத நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். முயல் பிடிக்கப் பழக்குவது அதற்குப் பின்னர்.

வெளியே தெரியாத மற்றொரு பகையும் இந்த இனத்தின் உடலிலே உண்டு. உணவிலுள்ள செம்பில் மிகுதியானதை ஈரல் பித்தநீர் வழியாக வெளியேற்றும். பெட்லிங்டன்கள் சிலவற்றில் அவ்வாறு வெளியேறாது ஆண்டுக்கணக்காகச் செம்பு தங்கி ஈரலை அழித்துவிடும். நோய் தென்படும்போது காலம் கடந்திருத்தலும் உண்டு. 2002இல் ஒல்லாந்து அறிஞர்கள் இதற்குக் காரணமான மரபணுக் குறையைக் கண்டறிந்த பின்னர், இரத்தம் அல்லது உமிழ்நீரைச் சோதித்து அதனை அறிதல் எளிதாயிற்று. எனினும் அக்குறை இல்லாத நாய் சிலவற்றிலும் நோய் கண்டதுண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. ஆகவே விப்பெட்டுடனான முதற்கலப்புக் குட்டிக்கு இதைப்பற்றிய அச்சம் குறைவு. ஆனால் அக்குட்டி வளர்ந்தபின் மறுபடியும் ஒரு பெட்லிங்டனுடன் சேர்ப்பின் அச்சம் மீளும். 'கலப்பினம் என்றாலே நோயில்லை' என்று கூறி விற்போரின் பேச்சிலே இந்தக் கணக்கு வருவதில்லை.

தூய பெட்லிங்டனின் மயிர் உதிராது வளர்ந்துகொண்டேயிருப்பதால் அடிக்கடி கத்தரித்தல் வேண்டும். வேலை நாய்க்கு ஒட்ட வெட்டினாற் போதும், ஆட்டுக்குட்டி வேடம் வேண்டியதில்லை. எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி தவறக்கூடாது. அந்நோய் நாயிலிருந்து வீட்டாருக்கும் தொற்றும்.

அப்படியாயின் புதியவர் இதனை வளர்க்கலாமா? நம் கருத்துப்படி, வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்த தூய பெட்லிங்டனை வளர்க்கலாம். முதல் ஓராண்டை முழுமையாக அதற்கென ஒதுக்க இயலுமாயின். விப்பெட்டுடனான முதற்கலப்பையும் வளர்க்கலாம். அனுமதி பெற்ற பரந்த நிலமும், அருகிருந்து சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவரும் கிடைப்பாராயின். வேறு முரட்டு டெரியர்களுடன் கலந்ததையும், பாட்டன் பூட்டன் யாரென்று தெரியாத குட்டிகளையும் புதியவர் தொடவே வேண்டாம். அவற்றை அடக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடலாம்.

குட்டி பார்க்கச் செல்பவர், விலையை விசாரிப்பதற்கு முன் இரண்டு காரியங்களைக் கேட்கட்டும். பெற்றோரின் மரபணுச் சோதனைத் தாள் ஒன்று. மற்றது, தாய்நாயை வயலுக்கு அழைத்துச் செல்லும் நாளில் தாமும் உடன்வரலாமா என்பது. நல்ல வளர்ப்பாளர், சப்பாத்துச் சேறாகும் என்று மட்டும் எச்சரித்துவிட்டு நாளைக் குறித்துக் கொடுப்பார். அந்த வயலிலே, ஆடுகள் மேயும் வேலியோரமாகத் தாய்நாய் எவ்வாறு நடந்து செல்கின்றது என்பதைப் பார்த்த பின்பு குட்டிகளின் கூட்டைத் திறக்கச் சொன்னாற் போதும்.